மஞ்சள் வைத்த மெத்தை

1

இந்த வாரம் வட ஜெர்மனியில் வெயில். காஞ்சிபுரத்துக்காரர்கள் சிரிக்காதீர்கள். நம் ஊரில் சித்திரை மாதம் காலைச் சிற்றுண்டி நேரத்துக்கு அடிக்கிற வெயில்தான் இது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இங்கே வீடுகளைக் குளிருக்காகக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே வந்த சூடு விருந்தாளி மாதிரி உட்கார்ந்துவிடுகிறது, போகவே போகாது. மின்விசிறி வாங்கலாம் என்று கடைக்குப் போனால், எனக்கு முன்னால் ஊரே போய் வாங்கிவிட்டது.

நான் வேலை பார்ப்பது உறைந்த மீனும் பட்டாணியும் அடுக்கி வைக்கிற குளிர்க் கிடங்கில். இரவு வேலை. பகலில்தான் தூக்கம். நேற்று மதியம் படுத்தவன் அரைத் தூக்கத்தில் புரண்டு படுக்கப் பார்த்தேன். முடியவில்லை. இடுப்பு பள்ளத்தில் மாட்டிக்கொண்டது. முதுகுக்குக் கீழே மெத்தை கொதித்தது. கையை ஊன்றி எழப் பார்த்தால் கையும் உள்ளே போனது. எப்படியோ உருண்டு தரையில் விழுந்து, அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

இந்த மெத்தை மெமரி ஃபோம் வகை. குளிர்காலம் முழுக்க இது எனக்குச் சொர்க்கம். அறை குளிர்ந்திருந்தால் பலகை மாதிரி தாங்கும். சூடு ஏற ஏற இளகும். அதன் குணமே அதுதான். இதே மெத்தையைத்தான் போன வருடம் தனம் அக்காவுக்கு வாங்கி அனுப்பினேன். அக்னி நட்சத்திரத்தில், பிள்ளையார்பாளையத்தில், முதுகெலும்பில் விரிசல் விட்டு எழ முடியாமல் கிடந்தவளுக்கு.

தரையில் உட்கார்ந்தபடி அழுதேன். நாற்பத்தெட்டு வயது ஆண்பிள்ளை. எழுதிவிட்டால் நெஞ்சு கொஞ்சம் ஆறும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

2

அக்கா எனக்கு எட்டு வயது மூத்தவள். பிள்ளைகள் இல்லை. அவளும் ஏகாம்பரம் மாமாவும்தான் வீட்டில். இரண்டு பேரும் ஒரே தறியில் வேலை செய்கிறவர்கள். கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். கரைக்கான நூலைக் கொண்டுபோகும் நாடாவை வீச நெய்கிறவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். மாமாவுக்குப் பக்கத்தில் அக்கா உட்காருவாள். கல்யாணம் ஆனதிலிருந்து அந்த இடம் அவளுடையது.

அந்தத் தறிக்குழியிலிருந்து ஏறும்போதுதான் விழுந்தாள். புடவைத் தலைப்பு மிதிகட்டையில் மாட்டியது. குழியின் விளிம்பில் முதுகு அடித்தது. ஆபரேஷன் வேண்டாம், மாதக்கணக்கில் படுக்கை வேண்டும் என்றார் டாக்டர். தரையில் பாய் போட்டுப் படுக்கக் கூடாது, தூக்கி எழுப்பச் சிரமம், கட்டிலும் நல்ல மெத்தையும் வாங்குங்கள் என்றார். கட்டிலை மாமா ஐயம்பேட்டையில் சொல்லி வாங்கிவிட்டார். மெத்தை என் பொறுப்பு என்று நான் குதித்தேன்.

குதித்ததற்குக் காரணம் உண்டு. அக்கா கல்யாணத்தில் எங்கள் வீட்டுச் சீர்வரிசையைப் பந்தலில் பரப்பி வைத்தார்கள். பித்தளைக் குடம், அண்டா, குத்துவிளக்கு எல்லாம் இருந்தன. கட்டில் மெத்தை இல்லை. அப்பாவால் முடியவில்லை, அவ்வளவுதான். அக்காவின் மாமியார் வந்தவர் போனவருக்கெல்லாம் அதைச் சுட்டிக்காட்டினார்.

"எங்க புள்ள தரைல படுத்தே வளந்தவம்மா. அதுக்காவ இவங்க தரைதான் குடுப்பாங்கன்னு நெனைக்கல."

அந்தப் பேச்சு அந்தத் தெருவில் பழமொழி ஆகிவிட்டது. யார் வீட்டுக் கல்யாணத்தில் எது குறைந்தாலும், "தனம் வூட்டு மெத்த மாதிரி" என்பார்கள். மாமியார் போய்ச் சேர்ந்தார். பேச்சு போகவில்லை.

3

இங்கே ஒரு கடையில், மார்கழி மாதத்துக் குளிரில், கம்பளிச் சட்டையோடு படுத்துப் பார்த்து வாங்கிய மெத்தை என்னுடையது. அதே வகையை நம் ஊரில் விற்கிற ஒரு கம்பெனியை இணையத்தில் தேடிப் பிடித்தேன். பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. அக்கா வீட்டு முன்னறையில் தறி. பின்னறைக்கு ஓடுதான் கூரை. மதியம் கரண்ட் போகும். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். குளிர்க் கிடங்கில் பன்னிரண்டு வருடம் நின்றவனுக்கு உடம்பு மறந்துவிடுகிறது.

மெத்தை சுருட்டிய பாய் மாதிரி வந்து சேர்ந்தது. மாமா பிளாஸ்டிக்கை அறுத்ததும் புஸ்ஸென்று மூச்சு வாங்கிக்கொண்டு எழும்பியிருக்கிறது. தெருவே கூடிவிட்டதாம். மாமா படம் அனுப்பினார். அதில் அக்காவைச் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். மெத்தையின் நான்கு மூலையிலும் மஞ்சளைக் குழைத்துப் பூசி, நடுவில் குங்குமம் வைத்திருந்தாள்.

"என்னக்கா, மெத்தைக்கு மஞ்சக்காப்பா?" என்று கேலி செய்தேன்.

"சீருக்கு மஞ்ச வெக்காம எப்புட்றா? முப்பது வருசம் கழிச்சி வந்தாலும் சீரு சீருதான். எதிர் வூட்டுக்காரி கண்ணால பாத்துட்டுப் போனா. அது போதும் எனக்கு."

எனக்கும் நெஞ்சு நிறைந்தது. கிடங்கில் மீன் பெட்டி அடுக்கும்போதுகூடச் சிரித்துக்கொண்டிருந்தேன். என்னப்பா, சம்பளம் ஏறிவிட்டதா என்று மேற்பார்வையாளர் கேட்டார்.

4

ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோவில் பேசுவோம். நான் கேட்கிற முதல் கேள்வி, "மெத்தை எப்படி இருக்குதுக்கா?" அவள் சொல்கிற பதில், "சூப்பரா இருக்குது தம்பி, பஞ்சு மேல பறக்கறாப்ல இருக்குது."

முகம் வியர்வையில் மின்னும். "வெயிலு தம்பி, ஊருக்கே அப்டித்தான்" என்பாள். மாமா பக்கத்தில் விசிறியோடு நிற்பார். ஏதோ சொல்ல வாயைத் திறப்பார். அக்கா அவரைப் பார்ப்பாள். வாய் மூடிக்கொள்ளும். மாமா பேசினாலே அதிசயம் என்பதால் நானும் கண்டுகொள்ளவில்லை.

என் மகள் கயலுக்குப் பதினைந்து வயது. இங்கேயே பிறந்தவள். தமிழ் புரியும், பேசினால் ஜெர்மனில் யோசித்துத் தமிழில் எடுத்து வைப்பாள். ஞாயிறு பேச்சுக்கு வரச் சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். திரையில் தலையை நீட்டி ஒரு ஹலோ, பிறகு ஓட்டம். அவளைத் தமிழ்ப் பள்ளியில் சேர்த்து, அவள் அழுது, நான் கத்தி, என் மனைவி இருவரையும் திட்டி, கடைசியில் விட்டுவிட்டோம். கை நழுவிக்கொண்டே போகிற பிள்ளை என்று நான் நினைத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதோ மனசு வந்து உட்கார்ந்தாள்.

"அத்தை, உங்க முதுகு எப்படிப் போகுது?"

"எங்கயும் போவலம்மா, இங்கயேதான் இருக்குது," என்று அக்கா சிரித்தாள்.

கயல் சிரிக்கவில்லை. "ஏன் உங்க முகம் இப்படி இருக்கு? எங்கே வலி? காட்டுங்க."

ஊரில் வளர்ந்த பிள்ளை இப்படிக் கேட்காது. நாம் நலமா என்று கேட்போம், அவர்கள் நலம் என்பார்கள், அதோடு மரியாதை முடிந்தது. இவளுக்கு அந்த மரியாதை தெரியவில்லை. அக்கா என்னென்னவோ சொல்லிச் சமாளித்தாள். இவள் விடவில்லை. "மாமா, நீங்க காட்டுங்க," என்றாள்.

மாமா விசிறியைக் கீழே வைத்தார். ஒரு வார்த்தை பேசாமல் அக்காவை மெல்ல ஒருக்களித்துப் படுக்க வைத்து, போனை அவள் இடுப்புக்குப் பின்னால் கொண்டுபோனார்.

புண். உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வழன்று, நடுவில் குழி விழுந்து, ஓரம் கறுத்துப்போயிருந்தது. கயல் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா சர்க்கரை நோய்க்காரி வேறு.

"அமுங்கிப்பூடுதுப்பா," என்றார் மாமா. "ஒரு பக்கமா திருப்புனா மறுபடியும் பள்ளத்துலயே வந்து வுழுறா. அவளா புரள முடியல. கீழ நெருப்பாட்டம் கொதிக்குது. வேர்வ காயவே மாட்டேங்குது. டாக்டரு மொதல்ல மெத்தைய மாத்துன்னு சொல்லிட்டாரு. எலும்புக்குப் போயிட்டா காப்பாத்தறது கஷ்டம்னாரு. உங்கக்கா மாட்டேங்கறா."

"நீ ஏன் சொன்ன?" என்று அக்கா அவரிடம் சீறினாள். அந்த நிலையிலும் அவளுக்கு அதுதான் பெரிதாகப் பட்டது.

5

அடுத்த சில வாரங்கள் போனும் கையுமாகவே கழிந்தன.

முதலில் மெத்தைக் கம்பெனிக்குப் பேசினேன். பதிவு செய்த எண்ணிலிருந்து பேசுங்கள் என்றார்கள். வாங்கும்போது பழக்கத்தில் என் பழைய இந்திய எண்ணைப் போட்டிருந்தேன். அதன் சிம் எப்போதோ காலாவதியாகி வேறு யாருக்கோ போய்விட்டது. அழைத்துப் பார்த்தால் நாமக்கல்லில் ஒரு முட்டை வியாபாரி எடுக்கிறார். நல்ல மனிதர். "மெத்தை வேணுமான்னு எனக்குத்தான் தினமும் கேக்கறாங்க, நானும் வேணாம்னுதான் சொல்லிட்டிருக்கேன்," என்றார். ஒரு வழியாக ஒரு பெண் என் கதையைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மெத்தையின் படம் அனுப்பச் சொன்னாள். அனுப்பினேன். மறுநாள் பேசினாள்.

"சார், நாலு மூலையிலயும் கறை இருக்கு. கறை இருந்தா ரிட்டர்ன் எடுக்க முடியாது சார்."

"அம்மா, அது கறை இல்லை. மஞ்சள்."

"மஞ்சள் கறைதான் சார் போகவே போகாது."

அவள் சொன்னதில் என்ன தப்பு? போனை வைத்துவிட்டு, போனால் போகிறது, தூக்கி எறிந்துவிட்டு வேறு வாங்கலாம் என்று அக்காவுக்குப் பேசினேன்.

"தூக்கிப் போடறதா? பொறந்த வூட்டுச் சீரை யாராவது வெளிய போடுவாங்களா?"

"சரி, வெளியே போட வேண்டாம். ஓரமா வை. வேற மெத்தை போட்டுப் படு."

"ஓரமா வெச்சா தள்ளி வெச்சதுதான்டா. சீரைத் தள்ளி வெச்சா குடுத்தவங்களுக்கு ஆவாது. நீ கண்ணு காணாத தேசத்துல ஐஸ் பொட்டிக்குள்ள நின்னு வேல செய்யற. உனுக்கு ஒண்ணுன்னா நான் எங்க ஓடி வருவேன்?"

"எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லக்கா."

"எனக்கு இருக்குதே."

இப்படிச் சொல்கிறவளை என்ன செய்வீர்கள்? கெஞ்சினேன். டாக்டர் சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். மெத்தை மேல் பாய் போட்டுப் பார், பலகை வைத்துப் பார் என்றேன். மாமா எல்லாம் செய்து பார்த்தார். பாய் அமுங்கியது, பலகை ஆடியதில் முதுகு இன்னும் வலித்தது. ஒரு நாள் கோபம் தலைக்கேறிக் கத்திவிட்டேன்.

"ஊர் வாய்க்குப் பயந்து சாகப் போறியா? எதிர் வீட்டுக்காரி வந்து உன் புண்ணுக்கு மருந்து வைப்பாளா?"

அக்கா அழவில்லை. "முப்பது வருசம் அந்தப் பேச்சக் கேட்டவ நானு. நீ கேக்கல," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். பிறகு எடுக்கவே இல்லை.

நேரில் போயிருந்தால் தூக்கி வேறு கட்டிலில் போட்டிருப்பேன். என் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். வருவதற்கு ஆகும் காலம் ஆகும், யாரையும் குறை சொல்ல முடியாது. தினமும் வேலை முடிந்து விடிகாலையில் வீடு வந்ததும் தபால் பெட்டியைத் திறப்பேன். பல்பொருள் அங்காடி விளம்பரம் இருக்கும். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு என் மெத்தையில் போய்ப் படுப்பேன். அறை ஜில்லென்று இருக்கும், மெத்தை ஒழுங்காகத் தாங்கும், தூக்கம் வராது. என் முதுகின் அதே இடத்தைத் தடவிப் பார்த்துக்கொள்வேன். அக்காவைக் கொல்லுகிற பொருளை நானே காசு கொடுத்து வாங்கி, வாசல்வரை கொண்டு சேர்த்திருக்கிறேன் என்ற நினைப்பு, பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி, எந்நேரமும் உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒரு நாள் மாமா பேசினார். புண்ணில் வாடை வருகிறது என்றார். அதற்கு மேல் பேச முடியாமல் அவர் அழுதார். அவர் அழுது நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

6

சமையலறையில் உட்கார்ந்து தலையில் கை வைத்திருந்தேன். கயல் வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"அப்பா, சீர்னா என்ன?"

எரிச்சலோடுதான் ஆரம்பித்தேன். பிறந்த வீட்டிலிருந்து பெண்ணுக்குப் போகிற பொருள், திருப்பித் தரக் கூடாது, எறியக் கூடாது, ஒதுக்கக் கூடாது என்று சொன்னேன். பந்தலில் மெத்தை இல்லாத கதையையும் சொன்னேன். இவ்வளவு நேரம் அவள் என் பேச்சைக் கேட்டு எத்தனையோ காலம் ஆயிற்று.

"யாராவது கேட்டா கொடுக்கலாமா?"

"யார் கேப்பாங்க?"

"நான்."

எனக்கு உடனே பிடிபடவில்லை. பிடிபட்டதும் மாமாவை அழைத்தேன். கயல் சொன்னதை அவரிடம் சொன்னேன்.

"பொறந்த வூட்டுப் பொண்ணு வாய் தொறந்து கேட்டா இல்லன்னு சொல்லக்கூடாதுப்பா. அத்த மருமவளுக்குக் குடுக்கறதும் சீருதான். அதுல கொற ஒண்ணும் கெடயாது." பிறகு, "ஆனா நீ கேக்காத. நீ சொல்லிக் குடுத்து அவ கேட்டான்னு தெரிஞ்சா உங்கக்கா ஒத்துக்க மாட்டா. கொழந்தையே கேக்கட்டும்," என்றார்.

என் எண் என்றால் அக்கா எடுக்க மாட்டாள். கயல் தன் போனிலிருந்து ஸ்பீக்கர் போட்டு அழைத்தாள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். என்ன சொல்ல வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்திருந்ததை அவள் தொடவே இல்லை.

"அத்தை, எனக்கு நீங்க ஒண்ணுமே தந்தது இல்லை."

எனக்குப் பக்கென்றது. அக்காவின் குரல் கம்மலாக வந்தது. "தப்புதாம்மா. நீ பொறந்தப்பகூட வந்து பாக்க முடியல. உனுக்கு இன்னா வேணும், சொல்லு. பட்டுப்பொடவ ஒண்ணு மாமாவ விட்டு நெய்யச் சொல்லட்டா?"

"அந்த மெத்தை வேணும். மஞ்சள் வச்ச மெத்தை. வேற யாரும் அதுல படுக்கக் கூடாது. நான் வந்து எடுத்துக்கறேன்."

அக்காவுக்கு எங்கள் திட்டம் புரியவில்லை என்று நான் நினைக்கவில்லை. தறியில் மாமாவின் கை அசைவதற்கு முன்பே நாடாவை வீசிப் பழகியவள் அவள். "உன்னோடதுதாம்மா அது," என்றாள். பிறகு மாமாவைக் கூப்பிட்டாள்.

அன்று மதியமே வாலாஜாபாத்திலிருந்து கெட்டியான தேங்காய் நார் மெத்தை வந்தது. மாமாவும் பக்கத்து வீட்டுப் பையன்கள் இருவரும் அக்காவைத் தூக்கி மாற்றினார்கள். தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் அக்கா, "எங்க கயலு கேட்டுட்டா, அதுக்குன்னு எடுத்து வெச்சிட்டேன்," என்றாளாம். எதிர் வீட்டுக்காரிக்கு ஆள் அனுப்பியே சொல்லியிருக்கிறாள்.

புண் உடனே ஆறிவிடவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்து அழுகின சதையை வெட்டி எடுத்தார்கள். அந்த வாரம் நான் எந்தச் சாமியையும் விட்டு வைக்கவில்லை. நம்பிக்கை இல்லை என்று அக்காவிடம் வீறாப்பாகச் சொன்னவன்தான். மழைக்காலம் முடியும்போது குழி மூடியது. தை பிறந்த பிறகு கோலை ஊன்றி நடந்தாள். தறிப் பக்கம் இன்னும் போகவில்லை. மாமா இப்போது ஒற்றை ஆளாக நெய்யக்கூடிய சேலைதான் நெய்கிறார்.

7

அடுத்த மாதம் பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போகிறோம். என் பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது. கயல்தான் பிடிவாதமாகக் கிளப்பினாள். என் மெத்தையை நான் பார்க்க வேண்டாமா என்கிறாள்.

இன்று காலை நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கயல் பக்கத்தில் மேசை மேல் போனைச் சாய்த்து வைத்து அக்காவோடு பேசிக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கர் போட்டிருந்தது. நான் இருப்பது அக்காவுக்குத் தெரியாது. பின்னறைச் சுவரோரம் மெத்தை நிறுத்தி வைத்திருப்பதை அக்கா காட்டினாள். மேல் மூலைகளில் மஞ்சள் அப்படியே இருந்தது. கம்பெனிப் பெண் சொன்னது சரிதான், போகவே போகாது.

"அத்தை, வந்ததும் நான் இதுல படுப்பேன்."

"வேணாம் கண்ணு," என்றாள் அக்கா. அவசரமாகச் சொன்னாள். "அதுல மட்டும் படுத்துடாத. அது நரகம்மா. ஆள அப்டியே உள்ள இழுத்துக்கும். உடம்பெல்லாம் தீயாட்டம் எரியும். கெடந்த நாளு முழுக்க, எப்ப உசுரு போவும்னு பாத்துக்கினு கெடந்தேன். நீ எங்கூட நார் மெத்தைல படுத்துக்க."

கத்தி என் கையில் நின்றுவிட்டது. அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"உங்கப்பங்கிட்ட சொல்லிடாத. ஆசையா வாங்கி அனுப்புனவன். தாங்க மாட்டான்."

கயல் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நான் வெங்காயத்தைப் பார்த்தேன்.

"சொல்ல மாட்டேன் அத்தை," என்றாள்.